கேமராவில் விழாத மாப்பிள்ளை

இதை எனக்கு முதன்முதலாகச் சொன்னது எங்கள் சபையின் ரோஸ்லெட் அக்கா. போன வருஷத்து அசன விருந்துக்கு முந்தின நாள், பெண்களெல்லாம் சர்ச் வளாகத்து வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து ஊர் முழுவதுக்குமான சாம்பாருக்குக் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தபோது, அரிவாள்மனையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னாள். அவள் பிறந்த ஊரான கிருபைவிளையில் நடந்தது. அதனால் நானும் ஏன், எப்படி என்று கேட்கவில்லை. கர்த்தர் செய்கிறதற்கெல்லாம் காரணம் கேட்டுக்கொண்டிருந்தால் அரிந்த கத்தரிக்காய் கறுத்துப்போகும்.

கிருபைவிளை, தேரிக்காட்டுச் செம்மண் காற்றில் பறந்து வந்து வெளுத்த வேட்டியையெல்லாம் மாதுளம்பூ நிறமாக்குகிற ஊர். அந்த ஊர் பஜார் முக்கில், செருப்புக் கடைக்கும் மிட்டாய்க் கடைக்கும் நடுவே, ஒருநாள் சிக்னல் விளக்கும் அதன் தலைக்கு மேலே ஒரு கேமராவும் வந்தன. வந்த வாரமே ஊர்க்காரர்களின் செல்போனில் அபராதச் சேதி விழ ஆரம்பித்தது; ஹெல்மெட் இல்லாத தலை, மூன்று பேர் ஏறிய வண்டி, சிவப்பு விளக்கில் நழுவிய சக்கரம் என்று ஒவ்வொன்றும் போட்டோவோடு வந்தது; மீன் வாங்கப் போனவனுக்கும் வந்தது, மீன் விற்க வந்தவனுக்கும் வந்தது, துக்க வீட்டுக்குப் போனவனுக்கு அவன் அழுத முகத்தோடேயே வந்தது. அப்போதுதான் ஊர் திரண்டு பாக்கியதுரையின் கடை வாசலுக்கு வந்தது.

பாக்கியதுரை வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதுகிறவர். எட்டைப் பூசணிக்காயாக உருட்டுவார், ஒன்பதுக்கு மயில் கழுத்து வைப்பார். கேமரா வந்த பிறகு அவர் கை இன்னொரு வித்தையும் பழகிக்கொண்டது. மனுஷக் கண்ணுக்கு நம்பர் தெரியும், கேமராவுக்குத் தெரியாது. எழுத்தைச் சாய்க்கிற சாய்ப்பிலும், மேலே பூசுகிற ஏதோ ஒரு வார்னிஷிலும் அந்தச் சூட்சுமம் இருந்தது. இது சட்டப்படி தப்பு என்று அவருக்கும் தெரியும், வாங்கினவர்களுக்கும் தெரியும், சபையின் போதகர் ஐயாவுக்கும் தெரியும்; ஏனென்றால் அவருடைய ஸ்கூட்டரிலும் அதுதான் மாட்டியிருந்தது.

பாக்கியதுரையின் மனைவி எப்சிபாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடையிலிருந்து வெளியே போகிற எந்த பிளேட்டும் முதலில் வீட்டுக்குள் வந்து, அவளுடைய தையல் மெஷின் மேல் வைக்கப்பட்டு, அவள் உள்ளங்கை அதன் மேல் பட்டு, ஒரு ஜெபம் கேட்ட பிறகுதான் போகும். வேதக்காரரான கிறிஸ்தவர்கள் மட்டும் என்றில்லை, நெற்றி நிறையத் திருநீறு பூசி வருகிறவர்களும், தொப்பி வைத்து வருகிறவர்களும், “மைனி கை வச்சாச்சா?” என்று கேட்டுத்தான் வாங்குவார்கள். எப்சிபாவுக்குப் படிப்பு அதிகமில்லை. மனதில் வந்ததைச் சொல்லுவாள். “ஆண்டவரே, இதுல ஏறிப் போற பிள்ளைகளை யார் கண்ணுக்கும் தட்டுப்படாம மறைச்சு வச்சு, பத்திரமாக் கூட்டிட்டு வாரும்” என்று கேட்பாள். லாரியின் கண்ணுக்கும், திருஷ்டியின் கண்ணுக்கும், சண்டைக்காரன் கண்ணுக்கும் சேர்த்துத்தான் அவள் கேட்டது. பிளேட்டின் வார்னிஷ் எதற்கென்று அவள் கேட்டதில்லை, அவர் சொன்னதுமில்லை.

கேட்டது கிடைத்தது.

முதலில் முக்குக் கேமராவில் நம்பர்தான் விழாமல் போனது. பிறகு, நம்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆளும் விழாமல் போனான். சட்டை விழுந்தது, வேட்டி விழுந்தது, பின்சீட்டுச் சேலை விழுந்தது. முகமும் கையும் காலும் விழவில்லை. ஸ்டேஷனில் இருந்த ஏட்டு மாசானமுத்து, திரையில் சட்டைகள் வரிசையாகக் காற்றில் உப்பிக்கொண்டு வண்டி ஓட்டிப் போவதைப் பார்த்து, பெரிய ஐயாவிடம், “சட்டைக்கு அபராதம் போடச் சட்டம் இருக்கா சார்?” என்று கேட்டார். இல்லை என்றார் பெரிய ஐயா. அதோடு இருவரும் டீ குடிக்கப் போனார்கள்.

அப்புறம் எல்லாக் கேமராவும் அப்படியே ஆயிற்று. ஸ்டூடியோ வைத்திருந்த குமரகுரு பாஸ்போர்ட் போட்டோ எடுத்தால் நீலத் திரைக்கு முன்னால் ஒரு காலர் மட்டும் விறைப்பாக நின்றது. அவர் பனியன் துணியால் லென்ஸைத் துடைத்துப் பார்த்தார், கேமராவை மாற்றிப் பார்த்தார், கடைசியில், ‘முகம் விழாதவர்களுக்கும் இங்கே போட்டோ எடுக்கப்படும்’ என்று போர்டு எழுதி மாட்டிவிட்டு நிம்மதியானார். வார்டு கவுன்சிலரின் பிறந்தநாளுக்கு வைத்த பேனரில் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அந்தரத்தில் ஒரு மாலையும் இருந்தன. பார்த்தவர்கள் முன்னைக்கு இப்போது நன்றாக இருக்கிறார் என்றார்கள். குமரிப்பிள்ளைகள் செல்பி எடுத்தால் ஜிமிக்கி மட்டும் ஆடிற்று, ஆகவே நல்ல ஜிமிக்கியாகப் பார்த்து வாங்கினார்கள், கவரிங் கடைக்காரர் மாடி கட்டினார். ஆண்கள் பட்டன் பார்த்துத் தைத்துக்கொண்டார்கள், தேய்ப்புக் கடையில் கூட்டம் கூடிற்று. முகம் தெரியாத ஊரில் சட்டைதானே முகம். சபை ஆண்டுவிழா குரூப் போட்டோவில் நடுநாயகமாகப் போதகர் ஐயாவின் வெள்ளை அங்கி மட்டும் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்து சின்னப் பிள்ளைகள் தேவதூதன் வந்துவிட்டது என்று கைதட்டினார்கள், பெரியவர்கள் சட்டம் போட்டு மாட்டினார்கள்.

இப்படி ஊர் அதைச் சளிக்காய்ச்சல் மாதிரி, மழைக்காலம் மாதிரி, வந்ததோடு வந்ததாக வைத்துக்கொண்டது. யாருக்கும் ஒரு நஷ்டமுமில்லை, எப்சிபாவின் மகன் கிதியோனுக்குப் பெண் அமைகிறவரைக்கும்.

பெண்ணின் பெயர் பியூலா. சாயல்விளைக்காரி, மஸ்கட்டில் நர்ஸ். லீவு கிடைக்காததால் கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் ஊருக்கு வர முடியும். கிதியோன் ஐஸ் பேக்டரியில் சூப்பர்வைசர், அப்பாவின் பிளேட் மாட்டிய பைக்கில்தான் வேலைக்குப் போவான். அவனுடைய நல்ல போட்டோக்களெல்லாம் பழைய செல்போனோடு கிணற்றில் விழுந்துவிட்டன. மிச்சம் இருந்தது பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டில் ஒட்டிய படம். அதில் காதுகள்தான் அதிகம். பியூலாவின் அப்பா ஜெயசீலன் நேரில் வந்து, இலையில் சாப்பிட்டு, பையனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “மூக்கு எடுப்பா இருக்கு, பேச்சு மரியாதையா இருக்கு, எனக்குச் சம்மதம்” என்று மகளுக்குச் சொன்னார். அவளும் அப்பாவின் வார்த்தைக்குச் சரியென்றாள். தேதி குறித்தார்கள். இரண்டு பேரும் வீடியோ காலில் பேச ஆரம்பித்தார்கள்.

“என்னங்க, கேமராவைத் துணி போட்டு மூடியிருக்கியளா?” என்று முதல்நாள் பியூலா கேட்டாள்.

“இல்லையே. நான் நேராத்தான் உக்காந்திருக்கேன்.”

“எனக்கு ஒரு கட்டம் போட்ட சட்டைதான் தெரியுது. அதுல மேலயிருந்து ரெண்டாவது பட்டனைக் காணோம்.”

கிதியோன் குனிந்து பார்த்தான். காணோம்தான்.

அப்படியே நாள் போயிற்று. அவன் ஜோக் சொல்லுவான், அவள் சிரிப்பாள். அவள் ஆஸ்பத்திரிக் கதை சொல்லுவாள், அவன் “நானும் சிரிக்கேன்” என்று வாயால் அறிவிப்பான். குரல் பிடித்திருந்தது, குணம் பிடித்திருந்தது. ஆனாலும் ஒருநாள் அவள் எப்சிபாவை அழைத்தாள்.

“அத்தை, கோபப்படாதீங்க. சிரிக்கேன்னு அவங்க சொல்றாங்க. சிரிச்சாங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் என்னத்தையாவது சொன்னா மூஞ்சி சுழிக்காங்களா, கண்ணு கலங்குதா, ஒண்ணும் தெரியலை. நான் யாரைக் கட்டிக்கப் போறேன், சட்டையையா?”

“உங்கப்பா பாத்துட்டாங்கன்னு சொன்னியே தாயி.”

“அப்பா மூக்கைப் பத்தி மட்டும்தான் சொன்னாங்க அத்தை. மூணாவது ஓலை வாசிக்கதுக்கு முன்னால நான் அந்த முகத்தைப் பாக்கணும். இல்லைன்னா போதகர் ஐயாகிட்ட நானே போன்ல ஆட்சேபம் சொல்லிருவேன். பிறகு யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது.”

எங்கள் கல்யாணங்களுக்கு முன்னால், அடுத்தடுத்த மூன்று ஞாயிறு ஆராதனைகளில் மணமக்கள் பெயரை வாசித்து, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று சபையைக் கேட்பார்கள். ஓலை வாசிப்பது என்று அதைச் சொல்லுவோம். மூன்றும் வாசித்து முடிந்தால்தான் கல்யாணம். கிதியோனுக்கு முதல் ஓலை வாசித்தாயிற்று. அந்த ஞாயிறு இரண்டாவதும் வாசித்தாயிற்று, “ஆட்சேபம் உண்டா?” என்று போதகர் ஐயா கேட்டபோது, மஸ்கட்டிலிருந்து குரல் வந்துவிடுமோ என்று எப்சிபா தூணைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மகனுடைய பைக்கிலிருந்து பிளேட்டைக் கழற்றி எறிந்தார்கள். அதற்குப் பிறகும் போட்டோ எடுத்தால் சட்டைதான் விழுந்தது. குமரகுரு ஆளைப் பார்த்துப் பென்சிலால் வரைந்து அனுப்பினார்; “இவரு யாரு, போலீஸ் தேடுற ஆளா?” என்று மஸ்கட்டிலிருந்து பதில் வந்தது. எப்சிபா ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டு உபவாசம் இருந்து, முகத்தைத் திருப்பிக் கொடும் என்று கேட்டாள். அடுத்த போட்டோவிலும் காலர்தான் நின்றது. கிதியோன் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான். “அவ நிப்பாட்டினாலும் தப்பில்லம்மா. நானா இருந்தாலும் அப்படித்தான் கேப்பேன்” என்று அவன் சொன்னபோது அவன் முகம் எப்படிப் போயிற்று என்பதைப் பார்க்கவேண்டிய பெண் மட்டும் பார்க்க முடியாமல் இருக்கிறாளே என்று எண்ணிக்கொண்டே எப்சிபா பாத்திரங்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அவளுக்கு ஒன்று தோன்றியது. கழுவின கையோடு கடைக்குப் போனாள்.

“ஏங்க, இந்த பிளேட்டு எதுக்கு ஒளியுது?”

பாக்கியதுரை தூரிகையைக் கீழே வைத்தார். “முக்குல இருக்கிற கேமராவுக்கு.”

“அப்போ அதுக்கு முன்னால போயித்தான் நிக்கணும். யாருக்கு ஒளிஞ்சோமோ அவங்க முன்னால போய், இந்தா இருக்கேன்னு நிக்காம, ஆண்டவர் எப்படி முகத்தைத் திருப்பித் தருவாரு? நீங்க இவனுக்கு நேரான நம்பர் எழுதுங்க. சர்க்கார் சொன்ன எழுத்து, சொன்ன அளவு.”

“ஏட்டி, என் கை எழுதின நம்பரை இன்னைக்கு வரைக்கும் எந்தக் கேமராவும் படிச்சதில்லை. என் பையன் வண்டியிலேயே நேரா எழுதினா பஜார்ல எவன் என்னை மதிப்பான்? பாக்கியதுரைக்கு வித்தை போயிருச்சுன்னு சொல்லமாட்டானா?”

“சொல்லட்டும். சொல்லுதவன் வீட்டுல வந்து நம்ம மருமக விளக்கேத்தப் போறாளா?”

அவர் அன்று மத்தியானம் மீன்குழம்பைத் தொடவில்லை. ஆனால் சாயங்காலம் புதுத் தகட்டை எடுத்து, ஸ்கேல் வைத்து, பூசணிக்காயாக உருளப் பார்த்த எட்டை இழுத்துப் பிடித்து நிமிர்த்தி, மயில் கழுத்துக்குப் போகப் பார்த்த ஒன்பதை அதட்டி உட்காரவைத்து, வார்னிஷ் இல்லாமல் எழுதி முடித்தார். கிதியோன் அதை எடுத்துக்கொண்டு வந்து தையல் மெஷின் மேல் வைத்தான். எப்சிபா உள்ளங்கையை வைத்து, வெகுநேரம் யோசித்து, “ஆண்டவரே, ஒளிச்சு வைக்க வேண்டாம். நாலு பேர் முன்னால, வெளிச்சத்துல வச்சே இவனைக் காப்பாத்தும்” என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் அம்மாவும் மகனும் முக்குக்குப் போனார்கள். நிழற்குடைக்குக் கீழே ஏட்டு மாசானமுத்து நின்றிருந்தார்.

“ஏட்டையா, இந்தக் கேமரா இவனைப் போட்டோ எடுக்கணும். அதுக்கு என்ன செய்யணும்?”

“ஒழுங்காப் போறவனை அது எடுக்காதும்மா. தப்புப் பண்ணினவனைத்தான் எடுத்து அனுப்பும்.”

எப்சிபா கொஞ்சம் திகைத்தாள். அவள் மகனை அப்படி வளர்க்கவில்லை. “இருக்கிறதுலேயே சின்னத் தப்பு எது ஏட்டையா?”

ஏட்டு தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். இந்தக் கேள்வியை அவர் சர்வீஸில் யாரும் கேட்டதில்லை. “சிவப்பு விளக்குல நிக்கையில முன்சக்கரத்தை வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வச்சு நிக்கிறது. அதைவிடச் சின்னது எங்ககிட்டக் கிடையாது.”

அப்படியே ஆகட்டும் என்று கிதியோன் ஒரு சுற்றுப் போய் வந்தான். விளக்கு சிவப்பானது. பைக்கை உருட்டி, முன்சக்கரத்தைக் கோட்டுக்கு ஒரு சாண் அப்பால் வைத்து, ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, கேமராவை நிமிர்ந்து பார்த்தான். பஜாரே வேலையை விட்டுவிட்டு வந்து நின்றது.

“ஏல, பின்னால போல! அபராதம் விழும்!” என்று மிட்டாய்க் கடைக்காரர் கத்தினார்.

“விழட்டும் அண்ணாச்சி, அதுக்குத்தான் நிக்கேன்.”

“வாயை மூடிக்கிட்டு நில்லுய்யா, பல்லு தெரியுது!” என்றாள் பூக்காரி.

“தெரியட்டும், பல்லும் அவளுக்குத்தானே!” என்றார் செருப்புக் கடைக்காரர்.

கிதியோனுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பை அடக்கப் பார்த்தான், வெயில் கண்ணைக் கூசிற்று, தும்மலும் வரப் பார்த்தது; அந்த நேரம் பார்த்து விளக்கு பச்சையானது. எடுத்ததா, எடுக்கவில்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. பஜார் முழுக்க அவனுடைய செல்போனைச் சுற்றி நின்றது. டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். பாக்கியதுரை தன் கடை வாசலில், வராதவர் மாதிரி, ஆனால் கழுத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். எப்சிபா கண்ணை மூடிக்கொண்டாள்.

செல்போன் மணியடித்தது. அபராதச் சேதி. அதைத் தொட்டால் போட்டோ. நேராக எழுதிய நம்பர் எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. அதற்கு மேலே, ஹெல்மெட்டுக்குள்ளே, பாதிச் சிரிப்பும் பாதித் தும்மலுமாக, ஒரு கண் சுருங்கி, வாய் கோணி, மூக்கு எடுப்பாக, கிதியோன் இருந்தான்.

“விழுந்துட்டாம்ல!” என்று பஜார் கூவியது. அபராதம் விழுந்ததற்கு ஓர் ஊர் அப்படிச் சந்தோஷப்பட்டதை ஏட்டு அதற்கு முன்னால் கண்டதில்லை. அவரும் கைதட்டினார்.

போட்டோ மஸ்கட்டுக்குப் போயிற்று. பார்த்ததற்கு அடையாளமாக நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. பூக்காரி கட்டின சரத்தையே அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். கிதியோனின் காது சிவந்துகொண்டே போயிற்று. கடைசியில் பியூலாவின் குரல் வந்தது, அதை ஊர் முழுக்கக் கேட்டது:

“அத்தை, உங்க மகன் கோட்டைத் தாண்டி நிக்காங்க. முதல்ல அபராதத்தைக் கட்டச் சொல்லுங்க.” பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. “எனக்காக நடுரோட்டுல மாட்டிக்கிட்டு இப்படிக் கோணல்வாயா நிக்கிறவங்களை நான் எங்க போய்த் தேடுவேன். ஓலையை வாசிக்கச் சொல்லுங்க.”

அந்த ஞாயிறு மூன்றாவது ஓலை வாசித்தபோது எப்சிபா தூணைப் பிடிக்கவில்லை. ஆட்சேபம் உண்டா என்று கேட்டுவிட்டு, போதகர் ஐயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கல்யாணப் போட்டோவில் தன் முகமும் விழுந்தால் நன்றாக இருக்கும் என்று பொதுவாகச் சொன்னார். திங்கள்கிழமை பாக்கியதுரையின் கடை வாசலில் பழையபடி கூட்டம் நின்றது. இந்தத் தடவை எல்லோரும் நேரான நம்பர் கேட்டார்கள். அவர் வித்தை போயிற்று என்று ஒருவரும் சொல்லவில்லை. மாறாக, இவ்வளவு நேரான எட்டை இந்தச் சீமையிலேயே எவனும் எழுதமாட்டான் என்று சொன்னார்கள், அவரும் அதை நம்பிவிட்டார். பிறகு முக்கில் வரிசை நின்றது. பவுடர் பூசிக்கொண்டு வந்தார்கள், தலை சீவிக்கொண்டு வந்தார்கள், கைப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஏட்டு கையைக் காட்ட ஒவ்வொருவராகக் கோட்டைத் தாண்டி நின்று, சிரித்து, மாட்டிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். கவுன்சிலர் மட்டும் யோசிக்கிறேன் என்றார்.

கடைசியாக வந்தது பாக்கியதுரைதான். தன் வண்டிக்கும் நேராக எழுதி மாட்டி, பட்டுச்சேலை கட்டிய எப்சிபாவைப் பின்னால் உட்காரவைத்து, கோட்டைத் தாண்டி நின்றார். போட்டோ வந்தது. அவர் கலெக்டர் மாதிரி இருந்தார்.

“கண்ணை மூடிட்டியே எப்சி!”

“ஜெபம் பண்ணிட்டேன். பழக்கம்.”

“இப்போ இதுக்காக இன்னொரு தடவை அபராதம் கட்டணுமா?”

“நில்லுங்க. இந்தத் தடவை திறந்துக்கிடுதேன்” என்றாள் அவள். அவர் வண்டியைத் திருப்பினார்.

கல்யாணத்தன்று, வெள்ளைச் சேலையில் முக்காட்டோடு வந்த பியூலா, பீடத்துக்கு முன்னால் நின்று, கிதியோனை முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தாள். பாட்டு முடிகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குனிந்து, “போட்டோவுக்கு நேர்ல பரவாயில்லை” என்று அவனுக்கு மட்டும் கேட்கச் சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அது குமரகுரு எடுத்த எல்லாப் போட்டோவிலும் விழுந்திருக்கிறது என்று ரோஸ்லெட் அக்கா சொன்னாள்.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டீர்கள். நீங்கள் எழுந்து போகும்போது, வாசலில் நிற்கிற உங்கள் வண்டியின் நம்பரில் சேறு ஏதும் படிந்திருந்தால், ஒரு ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போங்கள்.